உடான் விமானச் சேவை: மலிவான இருக்கை, நிச்சயமில்லாத விமானம்

சிறு நகரங்களை மானியக் கட்டண விமானங்களால் இணைக்கும் நடுவண் அரசின் உடான் திட்டத்தின்கீழ் இயங்கும் விமானத்தில் ஏறுகிறவர்களுள் பலருக்குத் தாங்கள் அரசு மானியத்தில் பறக்கிறோம் என்பதே தெரிவதில்லை. என் பயணச் சீட்டுகள் எதிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை. முந்திப் பதிவு செய்தவருக்குக் குறைந்த கட்டணம், பிந்தியவருக்குக் கூடுதல் கட்டணம் என்று மற்ற எந்த விமானத்தையும் போலத்தான் முன்பதிவுத் தளத்திலும் அது காட்சியளிக்கிறது. ஆயினும் அந்த இருக்கைக்குப் பின்னால் நடுவண் அரசின் பணமும், மாநில அரசின் பணமும், பெருநகரங்களுக்கிடையே பறக்கும் வேறு பயணிகளின் பணமும் இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி மதிப்புரை எழுதுவது போல, நாம் எல்லோரும் சேர்ந்து பணம் கொடுத்திருக்கும் இந்தச் சேவையைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது. கடந்த சில ஆண்டுகளில் மூன்று சிறு விமான நிலையங்களிலிருந்து பலமுறை பறந்த அனுபவத்தையும், பொதுவெளியில் கிடைக்கும் கணக்குகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் விற்கப்படுவது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2016 ஜூனில் வெளியான தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையின் தொடர்ச்சியாக, அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. விமானமே வராத அல்லது எப்போதோ ஒன்று வந்துபோகும் நிலையங்களை இணைக்கும் வழித்தடங்களுக்கு நிறுவனங்கள் ஏலம் கேட்கின்றன. ஓர் இருக்கைக்கு எவ்வளவு மானியம் இருந்தால் இந்தத் தடத்தில் ஓட்டுவேன் என்று குறைவாகக் கேட்பவருக்குத் தடம் கிடைக்கிறது. தடத்தைப் பெற்றவர் விமானத்தின் பாதி இருக்கைகளை, குறைந்தது 9, மிகுந்தால் 40 என்ற அளவில், உச்சவரம்புக் கட்டணத்தில் விற்க வேண்டும். தொடக்கத்தில் அந்த வரம்பு சுமார் 500 கிலோமீட்டர், அதாவது ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாயாக இருந்தது. பின்னர் விலைவாசிக்கேற்பத் திருத்தப்பட்டு வருகிறது. எஞ்சிய பாதி இருக்கைகளை நிறுவனம் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். மானியம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அந்த மூன்று ஆண்டுகளும் தடத்தில் வேறு போட்டியாளர் கிடையாது.

இந்த மானியத்தில் பெரும்பகுதி நேரடியாக வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருவதில்லை. பெரிய வழித்தடங்களில் புறப்படும் ஒவ்வொரு விமானத்தின்மீதும் ஒரு தீர்வை விதிக்கப்படுகிறது. 2016 டிசம்பரில் தொடங்கியபோது அது 1,000 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு 7,500 ரூபாய், 1,500 வரை 8,000, அதற்கு மேல் 8,500 என்று இருந்தது. பிறகு பலமுறை மாறியது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிறவர் தம் கட்டணத்தில் ஒரு சிறு துளியைச் சேலத்துக்காரருக்காகத் தந்துகொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். மானியத்தில் 20 விழுக்காட்டை மாநிலம் தர வேண்டும். வடகிழக்கு மாநிலங்களுக்கு அது 10 விழுக்காடு. அதற்கும் மேல் மாநிலம் விட்டுக்கொடுப்பவை உள்ளன. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு 29 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்டு வந்த நிலையில், இந்த நிலையங்களில் நிரப்பப்படும் எரிபொருளுக்கு அது 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. காவலும் தீயணைப்பும் இலவசம். மின்சாரமும் தண்ணீரும் சலுகை விலையில். இவை தவிர, கவனிப்பாரற்றுக் கிடந்த நிலையங்களைச் சீரமைக்க நடுவண் அரசு 2017-இல் 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

இனி, பயணியாக நான் கண்டது. கட்டணத்தைப் பொறுத்தவரை இச்சேவை சொன்னதைச் செய்கிறது. மூன்று வாரங்களுக்கு முன்பே பதிவு செய்த ஒவ்வொரு முறையும் வரம்புக் கட்டணத்தில் எனக்கு இருக்கை கிடைத்திருக்கிறது; குளிர்சாதனப் படுக்கை வசதியுள்ள சொகுசுப் பேருந்தின் பண்டிகைக்காலக் கட்டணத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கடைசி வாரத்தில் தேடினால் அந்த இருக்கைகள் தீர்ந்துபோயிருக்கும்; மிச்சமிருப்பவை அதைப் போல இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு விலையில் நிற்கும். திடீரென்று ஊருக்குப் போக வேண்டியவருக்கு, அதாவது துக்க வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ விரைகிறவருக்கு, இந்த மலிவு எட்டுவதில்லை.

சிறு விமான நிலையம் தரும் சுகத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பெருநகர நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், வரிசை வரிசையாக நின்று, கடைசி வாயில்வரை கால் கடுக்க நடந்து பழகியவருக்கு இது வேறு உலகம். வாகனத்தை விட்டு இறங்கிய இடத்திலிருந்து பயணப்பதிவு மேசைக்கு ஐம்பது அடிகூட இராது. சோதனை வரிசையில் எனக்கு முன்னே நால்வருக்கு மேல் நின்றதை நான் பார்த்ததில்லை. மாநிலக் காவலர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, எந்த ஊர், யார் வீடு என்றும் விசாரித்துக்கொள்வார். விமானம் நிற்கும் இடத்துக்கு வெயிலிலோ தூறலிலோ நடந்தே போய், பின்பக்கப் படியில் ஏற வேண்டும். பெரும்பாலும் அது எழுபது பேர் சொச்சம் அமரும் ஏ.டி.ஆர். வகை விசிறி விமானம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எல்லாச் சன்னல்களிலிருந்தும் தரை தெரியும். ஒரு மணி நேரமும் ஏரிகளையும் குன்றுகளையும் பார்த்துக்கொண்டே வரலாம். இரைச்சல் உண்டு, அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இத்திட்டத்தின் விதிகளின்படி, மானியம் பெறும் தடத்தில் வாரத்துக்குக் குறைந்தது மூன்று புறப்பாடுகள் இருந்தால் போதும். மூன்று என்பது ஏட்டில் பார்க்கும்போது குறைவாகத் தோன்றாது. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை அலுவல் உள்ளவர் திங்களன்றே போய், அலுவலை முடித்து, புதனன்று திரும்ப வேண்டும். ஓர் அரைநாள் வேலைக்கு இரண்டு இரவு விடுதி வாடகை. கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை விடுதியில் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்கு, இரவு ரயிலில் ஏறிக் காலையில் இறங்கி, மறு இரவே திரும்புவது மேல் என்று எந்த வணிகரும் முடிவு செய்வார். நாள்தோறும் காலையில் போய் மாலையில் திரும்ப வழி இருந்தால் மட்டுமே, மானியமில்லாத மறுபாதி இருக்கைகளை முழு விலை கொடுத்து வாங்கும் பயணி வந்து சேர்வார். அவர்தான் மூன்றாண்டுக்குப் பின்னும் அந்தத் தடத்தைத் தாங்க வேண்டியவர். அவரை விரட்டிவிடும் கால அட்டவணையையும் திட்டம் போதுமானதாக ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன்மீது எனக்குள்ள முதன்மையான புகார்.

இரண்டாவது புகார், அந்த மூன்றும் உறுதியில்லை என்பது. ஐ.எல்.எஸ். எனப்படும் கருவிவழித் தரையிறக்க வசதி இல்லாத சிறு நிலையங்கள் பலவற்றில் விமானி கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். அதற்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும். மார்கழி தை மாதக் காலைகளில் அந்தத் தெளிவு பல நாள் எட்டு, ஒன்பது மணிக்கு முன் கிடைப்பதில்லை. ஒரு சனவரி மாதத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்தில், காலை ஏழரை மணி விமானத்துக்காக நாற்பது பேரோடு உட்கார்ந்திருந்தேன். விமானம் எங்கள் தலைக்கு மேலே வந்து, இருமுறை வட்டமடித்து, இறங்காமலேயே திரும்பிப் போன ஓசையை எல்லோரும் கேட்டோம். வானிலையால் ரத்தானதற்கு இழப்பீடு கிடையாது. கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் அல்லது அடுத்த விமானத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். இது பெருநகரத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி. அங்கே அடுத்த விமானம் மூன்று மணி நேரத்தில் வரும். இங்கே அது நாளை மறுநாள் வரும். என் அருகில் இருந்த முதியவர், மகளின் பிரசவத்துக்குப் போகிறவர், திருப்பித் தரும் பணம் எப்போது கணக்கில் ஏறும் என்றுகூடக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டார். மூடுபனிக்கு நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கருவி வசதி இல்லாத நிலையத்தில் மூடுபனி மாதத்திலும் அதே ஏழரை மணியை வைத்திருந்ததற்குக் குற்றம் சொல்லலாம். அந்த விமானம் முற்பகலில் வேறு பெருந்தடத்துக்குத் தேவைப்பட்டதால்தான் அதிகாலை நேரம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று நிலைய ஊழியர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

என் அனுபவம் தனிப்பட்ட துரதிர்ஷ்டமாக இருக்கலாமே என்று எண்ணித்தான் கணக்குகளைத் தேடினேன். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் நாடாளுமன்றத்தில் வைத்த 22-ஆம் எண் அறிக்கை இத்திட்டத்தின் முதல் மூன்று ஏலச் சுற்றுகளை ஆராய்கிறது. ஒதுக்கப்பட்ட 774 தடங்களுள் 403 தடங்களில் ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பறக்கத் தொடங்கிய 371 தடங்களுள் மூன்றாண்டு மானியக் காலத்தை முழுதாக முடித்தவை 112. மானியம் நின்ற பின்னும் 2023 மார்ச் நிலவரப்படி இயங்கிக்கொண்டிருந்தவை 54. அதாவது ஒதுக்கியவற்றில் 7 விழுக்காடு. ஒரு கடையில் நூறு பொருள் வாங்கி ஏழு மட்டுமே நிலைத்தால் அந்தக் கடைக்கு நாம் என்ன மதிப்பெண் தருவோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2025 பிப்ரவரி வரவுசெலவு உரையில் நடுவண் அரசு, 88 நிலையங்களை இணைத்து 619 தடங்கள் இயக்கத்துக்கு வந்ததாகவும், ஒன்றரைக் கோடிப் பேர் பயணம் செய்ததாகவும் தெரிவித்தது. இரண்டு கணக்கும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. ஒன்று தொடங்கியவற்றை எண்ணுகிறது, மற்றொன்று தொடர்ந்தவற்றை எண்ணுகிறது. பயணிக்கு வேண்டியது தொடர்ந்தவற்றின் எண்.

தொடங்காமலே போனதற்குக் காரணங்கள் பல. முதல் சுற்றில் ஒதுக்கிய 128 தடங்களுள் 84 தடங்கள் ஏர் ஒடிசா, ஏர் டெக்கான் ஆகிய இரு நிறுவனங்களுக்கே போயின. இருவரும் பத்தொன்பது பேர் அளவிலான சிறு விமானங்களை நம்பியிருந்தவர்கள். அந்தத் தடங்களில் பெரும்பாலானவை நடைபெறாமல் பின்னர் ரத்தாயின. குறைவாகக் கேட்பவருக்கே தடம் என்னும் ஏல முறை, ஓட்டும் வலிமை யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, யார் துணிந்து குறைத்துக் கேட்கிறார் என்று பார்ப்பதாக முடிந்துவிட்டது. பல இடங்களில் ஓடுபாதையும் முனையமும் ஆயத்தமாகும் முன்பே தடம் ஒதுக்கப்பட்டது. நிலையம் தயாரானபோது நிறுவனம் இல்லை, நிறுவனம் இருந்தபோது நிலையம் இல்லை.

சேலத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஓமலூர் அருகே காமலாபுரத்தில், நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த நிலையம் 1993-இல் கட்டப்பட்டது. நிறுவனங்கள் வந்தன, போயின. உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் சென்னைக்குச் சேவை தொடங்கியது. 2021-இல் அது நின்றது. மூன்றாண்டுக் காலம் முடிவதும் பெருந்தொற்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பின்னர் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. இரண்டாண்டுக்கும் மேலாகப் பூட்டியிருந்த முனையம் 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகியவற்றால் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை சென்னையோடு பெங்களூரு, ஐதராபாத், கொச்சி ஆகியவையும் பட்டியலில் இருந்தன. இதில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சேலத்திலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். காமலாபுரம் போய்ச் சேர்ந்து, காத்திருந்து, பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் நுழைவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். ஆகவே, நல்ல ரயில் இருக்கும் தடத்தில் இருக்கைக்குக் கொடுக்கும் மானியம் ரயிலோடு போட்டியிடும் மானியமாகிவிடுகிறது. ஐதராபாத்துக்கோ, பெங்களூரு வழியாக வடக்கே எங்காவதோ போகிறவருக்குத்தான் சேலத்து விமானம் ஒரு முழு நாளை மிச்சப்படுத்துகிறது.

பிகாரின் தர்பங்கா இதை வேறு முனையிலிருந்து மெய்ப்பிக்கிறது. 2020 நவம்பர் 8 அன்று இதே திட்டத்தின்கீழ் திறந்த அந்த நிலையம், படைத்துறை வளாகத்தின் ஓரத்தில் ஒரு சிறு முனையமாக இருந்தும், சில மாதங்களிலேயே இடம் போதாமல் திணறியது. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் வேலை செய்யும் மிதிலை நாட்டு மக்கள் ஏற்கெனவே ஒரு நாள், ஒன்றரை நாள் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விமானம் வந்தவுடன் ஏறிவிட்டார்கள். அங்கே பயணிகள் முன்பே இருந்தார்கள், விமானம்தான் இல்லை. பல தடங்களில் விமானத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பயணிகளைத் தேடியிருக்கிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவில் ஒரு பழைய திட்டம் உண்டு. 1978-இல் விமானக் கட்டணங்கள்மீதும் தடங்கள்மீதும் இருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியபோது, சிற்றூர்கள் கைவிடப்படுமே என்ற அச்சத்தில் தொடங்கிய அது இன்றும் நடக்கிறது. அங்கே மூன்றாண்டு என்ற கெடு இல்லை. அதற்கு மாறாக அளவுகோல்கள் இருக்கின்றன: பெரிய நிலையத்திலிருந்து 210 மைலுக்குள் இருக்கும் ஊரானால், ஒரு பயணிக்கு 200 டாலருக்கு மேல் மானியம் செலவாகக் கூடாது என்பது நெடுங்காலம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. விலக்குகள் தாராளமாக வழங்கப்படுகின்றன என்றும், அரை வெற்று விமானங்களுக்கு வரிப்பணம் போகிறது என்றும் அந்நாட்டிலேயே ஓயாத விமர்சனம் உண்டு. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தடத்தை எப்போது கைவிடுவது என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதைவிட, ஏறுகிறவர்களின் எண்ணிக்கை தீர்மானிப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. மூன்றாவது ஆண்டில் முக்கால்வாசி நிரம்பும் விமானத்துக்கும் கால்வாசி நிரம்பும் விமானத்துக்கும் ஒரே நாளில் மானியத்தை நிறுத்துவதில் என்ன பொருள் இருக்கிறது? மெல்ல மெல்லக் குறைத்து வந்தாலாவது நிறுவனம் கட்டணத்தைப் படிப்படியாகச் சரிசெய்துகொள்ளும், பயணியும் பழகிக்கொள்வார்.

மானியப் பணத்தில் ஒரு சிறு பகுதியை நிலையத்துக்குப் போகும் பேருந்துக்குச் செலவிட்டிருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பயன்படுத்திய மூன்று நிலையங்களில் ஒன்றில்கூட விமான நேரத்துக்குப் பொருந்திய நகரப் பேருந்து இல்லை. வாடகைக் காருக்கு 700, 800 ரூபாய் கொடுத்து, 2,000 ரூபாய் விமானத்தில் ஏறுகிறவருக்கு மலிவு என்ற சொல்லின் பொருள் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது.

இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், தேதியைத் தாமே முடிவு செய்யக்கூடியவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்: கோடை விடுமுறைக்குப் போகிற குடும்பம், முதல்முறை விமானத்தில் ஏற ஆசைப்படும் பெற்றோர், வெளிமாநிலத்தில் படிக்கும் மாணவர். மூன்று வாரம் முன்பே பதிவு செய்யுங்கள்; பனிக்காலமானால் பிற்பகல் விமானம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; பெருநகரத்தில் இறங்கி வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால் இரண்டையும் ஒரே சீட்டில் வாங்குங்கள், இல்லையேல் முதலாவது ரத்தானால் இரண்டாவதன் பணமும் போய்விடும். நேர்காணலுக்கோ நீதிமன்றத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ போகிறவர்கள் ரயிலை நம்புங்கள்.

2025-இல் அறிவித்த மாற்றியமைக்கப்பட்ட திட்டம் மேலும் 120 இடங்களை இணைத்து, அடுத்த பத்தாண்டில் 4 கோடிப் பேரை ஏற்றிச்செல்ல முனைகிறது. அந்த 120-ஐப் பற்றிய ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் வேலூர் வழியாகப் போகும்போதெல்லாம் அப்துல்லாபுரத்து நிலையத்தின் நினைவு வருகிறது. இத்திட்டத்துக்காகவே அங்கே 850 மீட்டர் ஓடுபாதையும் முனையமும் சீரமைக்கப்பட்டன. அவ்வளவு குட்டையான பாதையில் இறங்க 19 இருக்கை அளவிலான விமானம் வேண்டும். அதை வைத்திருக்கும் நிறுவனங்களை நாடு முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025 தொடக்கம்வரை அங்கிருந்து பயணிகள் விமானம் ஒன்றும் புறப்படவில்லை. அங்கிருந்து ஒரு சீட்டு விற்பனைக்கு வரும் நாளில் வாங்கிப் பயணம் செய்துவிட்டு, அதைப் பற்றியும் எழுதுகிறேன்.